பழைய ஷெவர்லே பிக்அப்பின் கியர்பாக்ஸை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை தயாரித்த ஷெவர்லே, ஜிஎம்சி பிக்அப் வண்டிகளில் பல இன்றும் அமெரிக்கச் சாலைகளில் ஓடுகின்றன. ஆட்டோமேட்டிக் என்றால் அவற்றில் பெரும்பாலும் இருப்பது மூன்று கியர் கொண்ட டிஎச்350 அல்லது டிஎச்400, அல்லது 1982இல் வந்த நான்கு கியர் 700ஆர்4. இவற்றுள் எது என்று தெரியாமல் ஃபில்டர்கூட வாங்க முடியாது.

பலரும் முதலில் நம்புவது கிளவ் பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளை. அதில் எம்38 என்றிருந்தால் டிஎச்350, எம்40 என்றால் டிஎச்400, எம்டி8 என்றால் 700ஆர்4. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டியில் என்ன இருந்தது என்பதை மட்டுமே அந்தத் தாள் சொல்லும். நாற்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறியதோ, எந்தப் பட்டறையில் எதை மாற்றிப் பூட்டினார்களோ, அது அதில் இருக்காது. ஸ்டியரிங் தண்டில் உள்ள கியர் எழுத்துகளும் அப்படியே: நான்கு கியர் பெட்டியை மாட்டிவிட்டு, பழைய மூன்று கியர் குறிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நகர்த்தப்பட்டு, சேசிஸில் அதற்கெனப் புதிதாகத் துளை போட்டிருந்தால், பெட்டி மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த தவறு, கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனின் (எண்ணெய்த் தட்டின்) போல்ட்டுகளை மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வருவது. டிஎச்350, டிஎச்400 இரண்டுக்குமே 13 போல்ட்டுகள்தான். ஆகவே வடிவத்தைப் பார்க்க வேண்டும்: டிஎச்350இன் பேன் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்ட சதுரம், டிஎச்400இனுடையது டெக்சாஸ் மாநில வரைபடம்போல ஒழுங்கற்றது. 700ஆர்4க்கு 16 போல்ட்டுகள், நான்கு மூலைகளும் முழுமையாக இருக்கும். 1993இல் வந்த 4எல்60இ பெட்டிக்கும் அதே 16தான். அது மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படுவதால் கார்புரேட்டரிலிருந்து கேபிள் வராது.

அந்தக் கேபிள் விஷயத்தில் நேரும் குழப்பம்தான் மிகவும் விலை உயர்ந்தது. டிஎச்350, 700ஆர்4 இரண்டிலும் பெட்டியின் வலப்புறத்திலிருந்து ஒரு கேபிள் கார்புரேட்டருக்குப் போகும். டிஎச்350இல் அது அறுந்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது கியர் இறங்காது, அவ்வளவே. 700ஆர்4இலோ உள்ளே உள்ள எண்ணெய் அழுத்தத்தையே அந்தக் கேபிள் நிர்ணயிக்கிறது. அது தளர்ந்தோ கழன்றோ இருக்க வண்டியை ஓட்டினால், அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கி, விரைவில் கருகிவிடும். எனவே எந்தப் பெட்டி என்று உறுதியாகும்வரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வலப்புறத்தில் வேக்குவம் குழாய் செருகிய சிறு உலோக உருண்டை இருந்தால் அது 700ஆர்4 அல்ல. உருண்டை இருந்து கேபிள் இல்லாமல், இடப்புறத்தில் மின்கம்பி இருந்தால் பெரும்பாலும் டிஎச்400. ஆனால் கம்பியை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் பாகம்) வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் டிஎச்350சி வகைக்கும் கம்பி உண்டு. அந்தப் பூட்டு விழும்போது இன்னொரு கியர் ஏறியதுபோலவே உணர்வதால், ஓட்டிப் பார்த்து கியர்களை எண்ணுபவர்களும் ஏமாறுகிறார்கள்.

ஃபோர்டு வண்டிகளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே ஓட்டுநர் கதவருகே உள்ள தாளில் குறியீடு இருக்கும். ஃபோர்டின் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில், பேனில் சி6க்கு 17, ஏஓடிக்கு 14, இ4ஓடிக்கு 20 போல்ட்டுகள்.

பார்ப்பதற்கு அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல், ஸ்டாண்டுகள் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேனுக்கான புது கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் அடைப்பு) வாங்கி வந்ததும், பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன்பே அதைப் பேனுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். விளிம்பும் துளைகளும் ஒத்துப்போகாவிட்டால், ஒரு போல்ட்டையும் தளர்த்தாமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.