டிரைவரை மாற்றினால் பில்லிங் விழுந்தது: சரிசெய்த விதம்

கங்கைகொண்டான் பக்கத்து எடைமேடை ஒன்றில் பில்லிங் ஓஎஸ்ஜிஐ மேல் ஓடுகிறது (ஜாவா புரோகிராமைப் பண்டில் எனும் துண்டுகளாகப் பிரித்து, ஓடும்போதே தனித்தனியாக மாற்ற விடும் அமைப்பு). எடை காட்டும் கருவியான இண்டிகேட்டரைப் படிக்கும் டிரைவர் பண்டிலை அப்டேட் செய்தாலே லாரியின் முதல் எடை காணாமல் போகும். காரணம், பில்லிங் காம்பொனென்ட் டிரைவரின் சர்வீஸைப் பிடித்திருக்கும் விதம், அதாவது ரெஃபரன்ஸ் பாலிசி, இயல்பாகவே ஸ்டாட்டிக் (ஓடும்போது மாறாதது). சர்வீஸ் போனதும் காம்பொனென்ட் டீஆக்டிவேட் ஆகும். திரும்ப வருவது புது ஆப்ஜெக்ட், முதல் எடை இருந்த ஃபீல்டுகள் காலி.

பாலிசியை டைனமிக் ஆக்கி, சர்வீஸை வைத்திருக்கும் ஃபீல்டுக்கு வோலடைல் (மாறிய மதிப்பு எல்லா த்ரெட்டுக்கும் தெரிய) போட்டேன். அது மட்டும் போதாது. கார்டினாலிட்டி (சர்வீஸ் கட்டாயமா இல்லையா என்ற அமைப்பு) மேன்டேட்டரியாகவே இருந்தால், சர்வீஸ் இல்லாத இடைவெளியில் மறுபடியும் விழும். ஆப்ஷனல் ஆக்க வேண்டும். சர்வீஸ் ஃபீல்டை ஒரே தடவை லோக்கல் வேரியபிளில் எடுத்து, அது 'நல்' (காலி) தானா என்று பாருங்கள். ஃபீல்டையே இரண்டு தடவை தொட்டால் நடுவில் 'நல்' ஆகிவிடலாம்.

பலரும் கவனிக்காதது: பில்லிங்கும் பயன்படுத்தும் சர்வீஸ் இன்டர்ஃபேஸ் பேக்கேஜை டிரைவர் பண்டிலே எக்ஸ்போர்ட் செய்தால், பண்டில்களின் இணைப்பைப் புதுப்பிக்க ரிஃப்ரெஷ் கொடுக்கும்போது பில்லிங் பண்டிலும் சேர்ந்து நின்று எழும். அதைத் தனி ஏபிஐ பண்டிலுக்கு மாற்றியபின், லாரி மேடையில் நிற்கும்போதே டிரைவரை மாற்றுகிறோம். மின்வெட்டுக்கு இது தீர்வல்ல. முதல் எடையை டேட்டாபேஸிலும் எழுதிவிடுங்கள்.