தாராவி தோல் கடையில் வெளிநாட்டுக்காரர் ஸ்கேன் செய்தால்

டூர் கும்பலோடு வந்தவர் பையைத் தேர்ந்தெடுத்து, மேசையில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்கிறார், பணம் போகவில்லை. நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் அந்த க்யூஆரைப் பாருங்கள்.

வெளிநாட்டவர் கையில் இருப்பது பெரும்பாலும் யுபிஐ ஒன் வேர்ல்டு வாலட்டாக இருக்கும், அதாவது முன்கூட்டியே பணம் போட்டுச் செலவழிக்கும், வெளிநாட்டுப் பயணிகளுக்கான வாலட். 2023-ல் ஜி20 சமயத்தில் வந்தது. பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரில் பார்த்துத் தருவார்கள். உங்கள் கடை வாசலில் வைத்துத் தொடங்கிக் கொடுக்க முடியாது. அதிலிருந்து கடைகளுக்கு மட்டுமே பணம் போகும். சொந்த ஜிபே க்யூஆரை பிரின்ட் எடுத்து ஒட்டியிருந்தால், யுபிஐ பார்வையில் நீங்கள் கடைக்காரர் இல்லை, வெறும் ஆள்.

சரிபார்ப்பது சுலபம். பணம் அனுப்பும் ஆப்பை விட்டுவிட்டு, சாதாரண க்யூஆர் ஸ்கேனரில் படியுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் 'எம்சி' (mc) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும், அது கடை வகையைச் சொல்லும் குறியீடு. தோல் சாமான் கடைக்கு 5948. அங்கே 0000 இருந்தாலோ, அந்தத் துண்டே இல்லாவிட்டாலோ, அது தனிநபர் க்யூஆராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வங்கியிலோ, பேமென்ட் நிறுவனத்தின் வியாபாரி ஆப்பிலோ பதிந்து புதிதாக வாங்குங்கள். திரையில் வரும் பெயரும் கடைப் பலகைப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பெயர் மாறினால் வாடிக்கையாளர் தயங்குவார்.

1,800-ஐ 18,000 என்று அவரே தட்டிவிட்டால் தலைவலி உங்களுக்குத்தான். வியாபாரி ஆப்பில் தொகையைப் போட்டு வரும் க்யூஆரையே காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், சவுண்ட்பாக்ஸ் பேசட்டும்.

வாலட்டிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 1.1 சதவீதம் வரை இன்டர்சேஞ்ச் கட்டணம் (கடைக்காரரின் வங்கி வாலட் நிறுவனத்துக்குத் தருவது) உண்டு. அதை உங்களிடம் பிடிப்பார்களா என்று வங்கியில் முன்பே கேளுங்கள். பிடித்தாலும் வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது.

"சிங்கப்பூர் பேநவ் இருக்கே" என்பார்கள், அது அந்த நாட்டின் உடனடிப் பணப் பரிமாற்ற வசதி. 2023 பிப்ரவரியில் யுபிஐயோடு இணைத்தது ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், கடை க்யூஆருக்கு அல்ல. ஈஃபில் கோபுரத்தில் யுபிஐ ஓடுவதும் நம்மவர் அங்கே செலவழிக்கத்தான். பிரெஞ்சுக்காரரின் வங்கி ஆப் இங்கே ஸ்கேன் ஆகாது. அவர்களுக்கு கார்டு மெஷின்தான். அதில் வெளிநாட்டு கார்டு வசதியை வங்கி திறந்துவிட்டதா என்று கேட்டு வையுங்கள். டாலரா ரூபாயா என்று மெஷின் கேட்டால், பொதுவாக ரூபாயே அவருக்கு மலிவு.

'பெண்டிங்' காட்டினால் உடனே மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தப் பரிவர்த்தனையின் அடையாளமான 12 இலக்க யுடிஆர் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். இரவு விமானம் ஏறிவிடுகிறவரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.