ஜியென்ட்ஸ் உதைக்கப் பழகலாம்: இறகு கட்டுவது முதல் நான்கு அடிப்படை உதைகள் வரை

அடியில் கனமான வட்டு, அதன் மேல் ஒரு கொத்து இறகு. இதுதான் ஜியென்ட்ஸ். கை படாமல், தரையில் விழவிடாமல், காலாலும் தொடையாலும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். சீனாவை மிங் வம்சம் ஆண்ட காலத்துப் (14–17ஆம் நூற்றாண்டு) பெய்ஜிங் சிறுவர் பாட்டு ஒன்றிலேயே இது வருகிறது: வில்லோ மரம் இலை உதிர்த்துவிட்டால் ஜியென்ட்ஸ் உதைக்கும் பருவம் வந்துவிட்டதாம். குளிரில் உடம்பைச் சூடாக்க இதைவிட மலிவான வழி இல்லை. இன்றும் பெய்ஜிங்கின் தியான்டான் பூங்காவில் காலை நேரத்தில் நாலைந்து பேர் வட்டமாக நின்று உதைப்பதைப் பார்க்கலாம். அவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். சிங்கப்பூர், மலேசியாவில் வளர்ந்த தமிழர்களுக்கு இதன் உறவுக்கார ஆட்டம் ‘சாப்தே’ என்ற பெயரில் பழக்கமாகியிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் தடுமாறுகிறார்கள்: அவசரம். இறகு இடுப்புக்கு வருவதற்குள் கால் மேலே போய்விடுகிறது. இறகு முழங்காலுக்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள பயிற்சிகள் எல்லாம் இந்தக் காத்திருப்பைக் காலுக்குப் பழக்கத்தான்.

எந்த இறகு?

கடைகளில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வலை கட்டி ஆடும் போட்டிக்கானது ஒன்று. விறைப்பான நான்கு வாத்து இறகும் ரப்பர் அடியும் இருக்கும், வேகமாகப் பறக்கும். வித்தை காட்ட ஆடுவது இன்னொன்று. இதில் மென்மையான இறகுகள் அடர்த்தியாக இருப்பதால் காற்றைப் பிடித்து மெதுவாக இறங்கும். தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவதுதான் தோது. முதல் வகையை வாங்கிவிட்டுக் கால் வரவில்லை என்று விட்டுவிட்டவர்கள் நிறைய. எதை வாங்கினாலும் எடை 13 முதல் 15 கிராமுக்குள், உயரம் 13 முதல் 15 செ.மீ.க்குள் இருக்கட்டும். 8, 9 கிராமில் விற்கும் பொம்மை வகை மின்விசிறிக் காற்றுக்கே ஓடும். 20 கிராமைத் தாண்டினால் கல்லாக விழும், கணுக்கால் எலும்பில் பட்டால் உயிர் போகும்.

வீட்டிலேயே செய்ய

பழைய முறையில், நடுவில் சதுர ஓட்டை உள்ள செப்புக்காசு இரண்டு மூன்றைத் துணியில் வைத்துத் தைப்பார்கள். வாத்து இறகின் தடித்த காம்பைக் குழாயாக நறுக்கி ஓட்டை வழியே விட்டு, அதற்குள் சேவல் இறகைச் செருகுவார்கள். மிங் வம்சத்துக்கு அடுத்து வந்த சிங் வம்சத்தின் காசு ஒன்று ஏறத்தாழ 4 கிராம் இருக்கும் என்பதால் கணக்கு சரியாக வந்துவிடும். நமக்கு வாஷர் போதும்.

வேண்டியவை: வெளிவிட்டம் 25 மி.மீ., துளை 6.4 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ. உள்ள இரும்பு வாஷர் இரண்டு (ஒன்று ஐந்தரை கிராமுக்குள் இருக்கும்). பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். மீன் தொட்டிக்குக் காற்று போகும் 6 மி.மீ. பிளாஸ்டிக் குழாய் 3 செ.மீ.; 12 செ.மீ.க்குக் குறையாத சேவல் வால் இறகு நான்கு, தையல் நூல்.

1. இறகுகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் காம்பு மொரமொரத்து, ஒரே வாரத்தில் முறியும்.

2. டியூபிலிருந்து 38 மி.மீ. விட்டமுள்ள வட்டம் இரண்டு வெட்டுங்கள். ஒன்றின் நடுவில் மட்டும் 5 மி.மீ. துளை போடுங்கள். 6 மி.மீ. குழாய் அதில் இறுக்கமாக நுழைய வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு மி.மீ. குறைவு.

3. குழாயின் ஒரு முனையை 1 செ.மீ. ஆழத்துக்குக் கத்தரியால் நான்காகக் கீறுங்கள். கீறாத முனையை வாஷர்களின் வழியாகவும், அதன் பிறகு துளையிட்ட ரப்பர் வழியாகவும் மேலே இழுங்கள். கீறிய நான்கு நாக்குகளும் வாஷருக்கு அடியில் பூப்போல விரிந்து நிற்கும். குழாய் மேலே உருவிக்கொண்டு வராமல் தடுப்பது இந்த நாக்குகள்தான். 1 செ.மீ.க்குக் குறைவாகக் கீறினால் பத்து உதையில் இறகு தனியாக, வட்டு தனியாகப் போகும்.

4. இரண்டு ரப்பர் வட்டங்களின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். டியூபுக்குள் பவுடர் இருக்கும், தேய்க்காவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது. சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, விரலில் ஈரமாக ஒட்டாத பதம் வந்ததும் துளையில்லாத வட்டத்தை அடியில் வைத்து ஓரத்தைச் சுற்றி அழுத்துங்கள். உடனே ஒட்டினால் வழுக்கும்.

5. இறகுகளைச் செருகும்போது பளபளப்பான பக்கம் உள்ளே பார்க்கட்டும், நுனிகள் வெளிப்பக்கம் வளையட்டும். அப்போதுதான் மேலே குடைபோல விரிந்து காற்றைப் பிடிக்கும். நான்கின் நீளமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் விழும்போது சாய்ந்துகொண்டே வரும். குழாயின் மேல்முனையில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஒரு சொட்டு சொல்யூஷன் விடுங்கள்.

ஓர் இரவு காயட்டும். பிறகு சோதனை: வட்டு மேலே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்துத் தலை உயரத்திலிருந்து விடுங்கள். இடுப்புக்கு வருவதற்குள் திரும்பி, வட்டு கீழே பார்த்தபடி விழ வேண்டும். கனம் முன்னாலும் காற்றுத் தடை பின்னாலும் இருப்பதால்தான் அது தானாகத் திரும்புகிறது. திரும்பத் தாமதமானால் இறகு போதுமான அளவு விரியவில்லை என்று பொருள். உதைக்கும் ஆட்டம் முழுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது: எப்படி அடித்தாலும் அடுத்த முறை வட்டுதான் காலுக்கு வரும்.

காலணியும் இடமும்

பாதத்தின் உள்பக்கம் தட்டையாக உள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஓட்டப் பயிற்சி ஷூக்களின் உள்ஓரத்தில் மேடும் பள்ளமும் இருக்கும், இறகு கண்டபடி தெறிக்கும். லேஸ் முடிச்சை உள்ளே செருகிவிடுங்கள். வெறுங்காலில் ஆடலாம், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். வெளியே என்றால் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலைதான் நல்ல நேரம்.

முதல் உதை: பான்

பாதத்தின் உள்பக்கத்தால் தட்டுவது. எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்பதால் மற்ற மூன்றையும் சேர்த்து எடுக்கும் நேரத்தை இதற்கே கொடுங்கள்.

இறகு இல்லாமல் தொடங்குங்கள். தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து நில்லுங்கள். எடையை இடக்காலுக்கு மாற்றி, அந்த முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள். இப்போது வலது முழங்காலை வெளிப்பக்கமாகத் திறந்து, பாதத்தை உடம்புக்கு முன்னால், நடுவில் மேலே கொண்டுவாருங்கள். சம்மணம் போடும்போது கால் மடங்குமே, அதே மடிப்புதான், நின்றபடி. பாதத்தின் உள்பக்கம் கூரையைப் பார்த்துக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அந்த நிலையில் அதன் மீது ஒரு தீப்பெட்டியை வைத்தால் நிற்குமா என்று பாருங்கள். நிற்காவிட்டால் முழங்கால் இன்னும் திறக்க வேண்டும்.

இனி இறகு. வலக்கையில் இறகு நுனியைப் பிடித்து, நெஞ்சு உயரத்தில், உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நீட்டுங்கள். விடுங்கள், மேலே எறியாதீர்கள். எறிந்தால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும், கால் எதைப் பழகும்? இறகு முழங்காலைத் தாண்டிக் கீழே வரும்போது பாதம் எழும்பி, முழங்காலுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் அதைச் சந்திக்க வேண்டும். படும் இடம், கணுக்கால் எலும்புக்கும் பாத வளைவுக்கும் நடுவில் உள்ள தட்டையான பகுதி. சரியாகப் பட்டால் ‘டப்’ என்று சுத்தமான ஒரு சத்தம் வரும். எலும்பில் பட்டால் மந்தமாகக் கேட்கும், வலியும் சொல்லிவிடும்.

ஒரே ஒரு உதை, பிறகு கையால் பிடித்துவிடுங்கள். பத்து முறையில் எட்டு முறையாவது நின்ற இடத்திலிருந்தே பிடிக்க முடிகிற வரை இரண்டாவது உதைக்குப் போக வேண்டாம். அதன் பின் உதை, உதை, பிடி. அதன் பின் வலது, இடது, பிடி. இடக்காலைத் தள்ளிப்போடாதீர்கள், வலக்கால் நன்றாகப் பழகிவிட்டால் இடக்காலைத் தொடவே மனம் வராது.

குழந்தைகளுக்கும், நேரம் பிடிபடாத பெரியவர்களுக்கும் சீனாவில் சொல்லிக்கொடுக்கும் ஓர் எளிய வழி உண்டு. இறகுகள் சேரும் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து, வட்டு முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி வையுங்கள். தட்டினால் மேலே போய் அதே இடத்துக்குத் திரும்பும். ஓடிப் பொறுக்கும் வேலை இல்லாததால் கால் மட்டும் கற்றுக்கொள்ளும்.

தவறுகள் பெரும்பாலும் இறகு போகும் திசையிலேயே தெரிந்துவிடும். முன்னால் ஓடினால் பாதத்தின் உள்பக்கம் மேலே பார்க்காமல் முன்னே பார்க்கிறது, அதாவது முழங்கால் போதுமான அளவு திறக்கவில்லை. நெஞ்சில் வந்து மோதினால் பாதம் உங்கள் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தலைக்கு மேல் போனால் வேகம் அதிகம். நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட உயரமே போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு சாணும் இறகு காற்றில் நகர இடம் கொடுக்கும், நீங்கள் துரத்த வேண்டிவரும். காலே படவில்லை என்றால் வேறென்ன, அவசரம்தான். இன்னொன்று: கண் பாதத்தில் இருக்கக் கூடாது, வட்டில் இருக்க வேண்டும். பாதம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும்.

ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும். முதல் சில நாள் தொடையின் உள்பக்கம் வலிப்பது இயல்பு. நிற்கும் காலின் முழங்கால் வலித்தால் அதை விறைப்பாக வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள், தளர்த்துங்கள்.

மற்ற மூன்று

கெ என்பது தொடையால் தட்டுவது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் முன்பகுதியில் பட வேண்டும். தொடை தரைக்குக் கிடைமட்டமாக வரும்போது அடி விழ வேண்டும். அதைத் தாண்டி எழும்பினால் இறகு முகத்துக்கு வரும், தாழ்ந்திருந்தால் முன்னால் போய்விடும். நெஞ்சுக்கு நேராக வரும் இறகைக் கட்டுப்படுத்தி, அடுத்த பானுக்குத் தோதாகக் கீழே இறக்குவதுதான் இதன் வேலை. எளிதானது, ஒரே நாளில் வந்துவிடும்.

குவாய், பாதத்தின் வெளிப்பக்கம். உடம்புக்குப் பக்கவாட்டில் போய்விட்ட இறகை மீட்க இதுதான் வழி. முழங்கால்களை ஒட்டவைத்து, கீழ்க்காலை மட்டும் வெளியே மடக்கி உயர்த்துங்கள்; உடம்பு எதிர்ப்பக்கம் லேசாகச் சாயட்டும். இடுப்பு இறுகியவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். முழங்காலைத் திருகி உயரம் பெற முயன்றால் மூட்டில் கோளாறு வரும். அதனால் கால் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவே போதும், மிச்சத்துக்கு இறகு இறங்கி வரட்டும்.

பெங், விரல் நுனி உதை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், போச்சு என்று நினைக்கும்போது காப்பாற்றுவது. காலை நீட்டிப் பாதத்தை இறகுக்கு அடியில் கொடுத்து, கணுக்காலை மட்டும் சுண்டி மேலே இழுங்கள். முழுக்காலையும் வீசினால் இறகு பூங்காவின் அடுத்த மூலையில்.

வட்டத்தில் சேர

தொடர்ச்சியாக ஐந்து பான் வந்துவிட்டால் வட்டத்தில் நிற்கலாம். மூன்று முதல் ஆறு பேர், கைநீட்டினால் தொடாத இடைவெளி. முதல் தொடுதலில் இறகை அடக்கி, இரண்டாவதில் அனுப்புங்கள். எதிரே நிற்பவரின் தலைக்கு அனுப்பாமல் அவர் முன்னால், இடுப்பு உயரத்தில் இறங்கும்படி அனுப்புவதுதான் மரியாதை. இங்கே புள்ளிக் கணக்கு கிடையாது.

கணக்கு வேண்டும் என்றால் வலை ஆட்டம். அதன் களம் 11.88 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். பக்கத்தில் பேட்மிண்டன் மைதானம் இருந்தால் தனியாகக் கோடு போட வேண்டாம்: இரட்டையர் ஆட்டத்தின் நீண்ட சர்வீஸ் கோடுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி சரியாக இதே அளவு. வலை ஆண்களுக்கு 1.60 மீட்டர், பெண்களுக்கு 1.50 மீட்டர், பேட்மிண்டன் வலை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் பழக அதுவே போதும். கையும் முழங்கையும் பட்டால் தவறு, தலையும் நெஞ்சும் படலாம்.

ஆடி முடித்ததும் இறகை நசுங்கவிடாமல் நிமிர்த்தி வையுங்கள். மடங்கிப்போன இறகைத் தூக்கியெறிய வேண்டாம்: கொதிக்கும் கெண்டியின் ஆவியில் பத்து நொடி காட்டி விரலால் நீவிவிட்டால் பெரும்பாலும் பழைய வளைவுக்கு வந்துவிடும். காம்பே முறிந்திருந்தால் மட்டும் நூலை அறுத்து அந்த ஓர் இறகை மாற்றுங்கள், மற்ற மூன்றின் நீளத்துக்குச் சரிபார்த்து.