செவன்த் கார்டில் எந்தச் சுரத்தை விடலாம்?

கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு. அதில் ஒரு வகையான செவன்த் கார்டில் நான்கு சுரங்கள் உண்டு. ஆனால் நான்கையும் எப்போதும் வாசித்தாக வேண்டும் என்ற விதி இல்லை. ஒன்றை விட நேர்ந்தால் முதலில் ஐந்தாம் சுரத்தை விடுங்கள். ஜி, பி, டி, எஃப் அடங்கிய ஜி செவன்த் கார்டில், மேஜரா மைனரா என்பதைப் பி காட்டுகிறது. எஃப் இல்லையென்றால் அது செவன்த் கார்டே ஆகாது. ஜியிலிருந்து எண்ணினால் ஐந்தாம் சுரமான டி அப்படி எதையும் தீர்மானிப்பதில்லை. மேலும், ஜியின் அதிர்வெண்ணைப் போல் 3 மடங்கில் எழும் மேற்சுரமும் டிதான் என்பதால், நாம் வாசிக்காதபோதும் அது ஜிக்குள் மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். தம்புராவின் சட்ஜத் தந்தியைத் தனியே மீட்டிக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

நான்கு குரல்களுக்கு எழுதும்போது, ஜி செவன்த்தை முழுமையாக வைத்து, ஜியையும் பியையும் டியையும் சிக்கும் எஃப்பை ஈக்கும் முறைப்படி நகர்த்தினால், வந்து சேரும் சி மேஜரில் மூன்று சியும் ஒரு ஈயும் மட்டுமே இருக்கும். டியை முன்பே விட்டுவிட்டு ஜியை இரு குரல்களுக்குக் கொடுத்தால், பாஸ் எனப்படும் அடிக்குரல் ஜியிலிருந்து சிக்கு இறங்க, மற்றொரு ஜி அசையாமல் நிற்க, சி மேஜர் முழுமையாகக் கிடைக்கும். இரண்டில் ஒன்று குறைந்தே தீரும். முடிவில் வரும் கார்டு நிறைவாக இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

கீபோர்டில் இடக்கையால் மூல சுரத்தையும் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) வலக்கையால் இரண்டு சுரங்களையும் மட்டும் வாசித்துப் பாருங்கள். டி மைனர் செவன்த்துக்கு எஃப், சி. ஜி செவன்த்துக்கு எஃப், பி. சி மேஜர் செவன்த்துக்கு ஈ, பி. ஒவ்வொரு மாற்றத்திலும் வலக்கையில் ஒரு விரல்தான் நகர்கிறது. ஜாஸ் இசைக்கலைஞர் கவுண்ட் பேசியின் குழுவில் 1937 முதல் கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன், பெரும்பாலும் மூன்று சுரங்களுக்கு மேல் ஒலிக்க விட்டதில்லை.

ஐந்தாம் சுரம் இயல்பான அளவில் இல்லாத கார்டுகளில் இந்த வழி செல்லாது. பி, டி, எஃப், ஏ கொண்ட அரை டிமினிஷ்ட் கார்டில், அரைச் சுரம் குறைந்த ஐந்தாம் சுரமான எஃப்பை நீக்கினால் எஞ்சுவது வெறும் பி மைனர் செவன்த்தாகவே கேட்கும்.

பாஸ் கிட்டார் கலைஞர் உடனிருந்தால் மூல சுரத்தையும் அவரிடம் விட்டுவிடலாம். ஆனால் பி, எஃப் இரண்டு மட்டும் ஒலிக்கையில் அவர் ஜிக்குப் பதிலாக டி ஃப்ளாட்டை வாசித்துவிட்டால், நீங்கள் விரலை அசைக்காமலேயே கார்டு டி ஃப்ளாட் செவன்த் ஆகிவிடும்; ஆகவே அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.