தொட்டிப் பாலத்தைத் தொங்கு பாலம் என்று சொல்லலாமா?

குமரி மாவட்டத்து மாத்தூருக்குப் போய் வந்தவர்களில் பலர் "தொங்கு பாலம் பார்த்தோம்" என்பார்கள். சுற்றுலாக் குறிப்புகளிலும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் அங்கே எதுவும் தொங்கவில்லை. பரளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில், 28 தூண்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் தொட்டி அது. பாசனத் தண்ணீர் அதில் ஓடுகிறது. 'தொட்டிப் பாலம்' என்பதே சரியான பெயர், எவ்வளவு அழகான பெயரும்கூட! உயரத்தைப் பார்த்துத் தொங்குவதாக நினைத்துவிடுகிறோம்.

ஒரு பாலம் எந்த வகை என்று அறிய, பாரம் எந்த வழியாக நிலத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். விட்டப் பாலத்தில் தூண்கள்மேல் கிடக்கும் விட்டம் (உத்தரம்) சற்றே வளைந்து தாங்கும். வளைவுப் பாலம் பாரத்தை இரு பக்கமும் அழுத்தித் தள்ளும். தொங்கு பாலத்தில் வடம் இழுபட்டுத் தாங்கும்.

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேலுள்ள ஹவுரா பாலத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு கோபுரங்கள், நடுவே தாழும் கோடு. பார்த்தால் தொங்கு பாலம் மாதிரியே இருக்கும். ஆனால் 1943இல் திறந்த அந்தப் பாலம் கேன்டிலீவர் வகை. இரு பக்கமிருந்தும் எஃகுச் சட்டக் கைகள் நீண்டு நடுத்துண்டைப் பிடித்திருக்கின்றன. அதே ஹூக்ளியில் 1992இல் திறந்த வித்யாசாகர் சேதுவில் வடங்கள் இருக்கின்றன, சரி. அதுவும் தொங்கு பாலம் அல்ல. அங்கே வடங்கள் கோபுரத்திலிருந்து நேராகச் சாய்ந்து பாலத்தளத்தைப் பிடிக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட்டில்தான் பெருவடம் கோபுரங்கள்மேல் தவழ்ந்து கரையில் நங்கூரமிடப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இறங்கும் கம்பிகளில் தளம் தொங்குகிறது.

அப்புறம், "ரயில் பாலம், இரும்புப் பாலம், வளைவுப் பாலம்" என்று ஒரே பட்டியலில் அடுக்காதீர்கள். பயன், பொருள், தாங்கும் முறை என்று அவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒரே பாலம் மூன்றிலும் வரலாம்.

பாம்பனுக்கு நான்காவது கேள்வியும் உண்டு: எப்படித் திறக்கிறது? 1914ஆம் ஆண்டுப் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேல்நோக்கிச் சாய்ந்தது. 2025இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி மட்டம் மாறாமல் அப்படியே மேலே ஏறுகிறது. இரண்டையும் தூக்குப் பாலம் என்றே சொல்கிறோம். ஆனால் வகை வேறு.