சிரிக்காத மூஞ்சிக்காரனை முழுசாகச் சேர்க்க

ரங்கூனில் பசுண்டாங் பக்கத்தில் பதினோரு வருஷம் விசிடி வாடகைக் கடை நடத்தியவன் நான். ஒரு டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே, படம் எந்த இடத்தில் திக்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடு, மௌனப்படக் காலத்து அமெரிக்கச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் படங்களைச் சேர்க்க ஆரம்பித்து, முதலில் வாங்கிய நாலில் மூன்றை மொட்டைமாடியில் காக்காய் விரட்டக் கட்டித் தொங்கவிட்டேன். டிஸ்க் பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே இருந்த படம்தான் செத்துப்போயிருந்தது.

ஏன் அப்படி என்றால், கீட்டனின் மௌனப்படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் கையில் கிடைத்த பிரதியை டிஸ்க்கில் ஏற்றி விற்கலாம். பிரதிக்குப் பிரதி, அதற்கொரு பிரதி என்று நாலு தலைமுறை தாண்டிய படத்தையும் வண்ண அட்டை போட்டு விற்கிறார்கள். அட்டையில் ‘புதுப்பித்தது’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். எங்கே புதுப்பித்தது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வெளியீட்டில் அது இருக்கும். மட்டமானதில் ‘பன்னிரண்டு மணி நேரச் சிரிப்பு’ என்றுதான் இருக்கும்.

முதலில் கணக்கு தெரிய வேண்டும். கீட்டன் 1917இல் ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற சிரிப்பு நடிகரோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். அந்தக் குறும்படங்களில் இன்று 13 இருக்கின்றன. ‘எ கன்ட்ரி ஹீரோ’ என்று ஒன்று மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. அதை யாராவது உங்களுக்கு விற்க வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிறகு 1920இலிருந்து 1923 வரை சொந்தமாக எடுத்த குறும்படங்கள் 19. முழுநீளப் படங்கள், 1923இன் ‘த்ரீ ஏஜஸ்’ முதல் 1928இன் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ வரை பத்து. அப்புறம் எம்ஜிஎம் கம்பெனிக்குப் போய் எடுத்த இரண்டு மௌனப்படங்கள்: ‘தி கேமராமேன்’, ‘ஸ்பைட் மேரேஜ்’. இவற்றோடு 1920இல் வெறும் நடிகராக வந்த ‘தி சாப்ஹெட்’. அதைக் கடைசியில் வாங்கினால் போதும். வாங்காவிட்டாலும் குடிமுழுகாது.

குறும்படங்கள் 32ஐயும் பாரிஸின் லாப்ஸ்டர் பிலிம்ஸ் புதுப்பித்தது. அமெரிக்காவில் கீனோ என்ற நிறுவனம் 2016இல் ஒரே பெட்டியாக வெளியிட்டது. பத்து முழுநீளப் படங்களையும் கோஹென் நிறுவனம் இரண்டிரண்டாக ஐந்து தொகுதிகளில் போட்டது. இத்தாலியில் பொலோன்யா நகரத்துச் சினிமாக் காப்பகத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. கிரைட்டீரியன் என்ற நிறுவனம் போட்ட ‘தி கேமராமேன்’ டிஸ்க்கில் ‘ஸ்பைட் மேரேஜ்’ கூடவே வருகிறது. ஆக ஒரு பெட்டி, ஐந்து தொகுதி, ஒரு தனி டிஸ்க். அவ்வளவுதான் அலமாரி. இதற்கு மேல் வாங்குவதெல்லாம் என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு.

வாங்கும் வரிசையைக் கேட்டால், குறும்படப் பெட்டிதான் முதலில். பலர் ‘தி ஜெனரல்’ என்று பெயர் கேட்டுவிட்டு அதில் தொடங்குகிறார்கள். அது பெரிய படம், மறுக்கவில்லை. ஆனால் ‘ஒன் வீக்’ பார்த்த பிள்ளை அடுத்ததைத் தானே எடுத்துப் போடும். புதுப் பெண்டாட்டியோடு ஒருவன் வீட்டைத் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி வந்து பொருத்துகிறான். பெட்டியின் எண்ணை எவனோ மாற்றி எழுதிவிட்டான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் கரெண்ட் போவதற்குள் முழுசாகப் பார்த்து முடித்த ஒரே படம் அதுதான் என்ற மரியாதையும் அதற்கு உண்டு.

இனி மண்டலக் கணக்கு. இதில்தான் நான் அடிபட்டேன். ப்ளூரே டிஸ்க்குகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலம். அமெரிக்காவும் தென்கிழக்காசியாவும் ஏ. அதாவது ரங்கூனில் இருக்கும் நமக்கு அமெரிக்க டிஸ்க் நேராக ஓடும். ஐரோப்பா பி. இந்தியா சி. சிங்கப்பூரில் வாங்கிய பிளேயரும் ‘ஏ’தான். சென்னையில் வாங்கியது சி. என் சித்தப்பா மகன் ஆசையாகச் சென்னையிலிருந்து ஒரு பிளேயர் தூக்கி வந்தான். அதில் என் கீனோ பெட்டியைப் போட்டால், ‘இந்த மண்டலத்தில் ஓடாது’ என்று ஒரு வரி. கடைக்காரனாக இருந்த காலத்தில் மெட்ராஸ் கேசட்டைப் போட்டால் நம்மூர் டிவியில் படம் உருண்டுகொண்டே இருக்கும். அங்கே ‘பால்’ (PAL) என்ற டிவி முறை, இங்கே என்டிஎஸ்சி என்ற வேறு முறை. அதையெல்லாம் பார்த்தவன் இதில் ஏமாந்தேன் பாருங்கள். ஆகவே டிஸ்க் வாங்கும் முன் பிளேயரின் பின்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். அங்கே ஓர் எழுத்து இருக்கும்.

டிஸ்க் கைக்கு வந்ததும் எப்படிச் சோதிப்பது? நான் நாலு விஷயம் பார்ப்பேன்.

முகம்தான் முதல். கீட்டன் முகத்தில் வெள்ளைப்பூச்சு அதிகம். பிரதி மோசமென்றால் அந்த முகம் ஒரு பீங்கான் தட்டாகிவிடும். அதில் இரண்டு கறுப்புப் புள்ளி. மனுஷர் தன் சொந்தப் படங்களில் சிரிப்பதே கிடையாது, எல்லாம் கண்ணிலும் இமையிலும்தான் நடக்கிறது. அது தெரியாவிட்டால் வெறும் விழுந்து புரளுகிற ஆள்தான் மிச்சம். நல்ல பிரதியில் கன்னத்து எலும்பின் நிழல் தெரியும். கண்ணுக்குக் கீழே மை தீட்டிய கோடுகூடத் தெரியும்.

இரண்டாவது, இடது ஓரம். மௌனப்படத்தில் பிலிமின் அகலம் முழுக்கப் படம். பேசும்படம் வந்த பிறகு இடது ஓரத்தில் ஒலிக்கு ஒரு பட்டை ஒதுக்கினார்கள். பழைய படத்தை அந்த முறையில் பிரதி எடுத்தால் இடப்பக்கம் வெட்டுப்படும். நடுநடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டையில் வரியின் முதல் எழுத்து ஓரத்தில் இடிக்கிறதா, நடுவில் நிற்க வேண்டிய ஆள் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறாரா என்று பாருங்கள். கீட்டன் அளந்து அளந்து நிற்கிறவர். அவர் ஓரமாக நின்றால் தப்பு அவருடையது அல்ல.

மூன்றாவது வேகம். நாயகனைப் பார்க்காதீர்கள், அவர் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருப்பார். பின்னால் தெருவில் போகிறவர்களைப் பாருங்கள், குதிரையைப் பாருங்கள், புகையைப் பாருங்கள். அவையெல்லாம் பதறினால் படத்தை வேகமாக ஓட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். நாலாவது, கை வேகமாக அசையும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். ஒரு கைக்கு இரண்டு கை மங்கலாகத் தெரிந்தால், ஒரு வீடியோ முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய சரக்கு. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோதிக்க எனக்குப் பிடித்த இடம் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ புயல். வீட்டின் முன்சுவர் அப்படியே கீட்டன் மேல் சாய்கிறது. திறந்த ஜன்னல் அவரைத் தாண்டி இறங்குகிறது, அவர் நின்ற இடத்தில் நிற்கிறார். நிஜச் சுவர், நிஜ ஆள். நல்ல டிஸ்க்கில் சுவர் தரையில் படும்போது எழும் தூசி தூசியாகவே தெரியும். சில பேர் கம்ப்யூட்டரில் கீறலைத் துடைக்கிற ஜோரில் தூசியையும் மழையையும் சேர்த்துத் துடைத்து, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். எனக்குக் கீறலே தேவலை. ‘த்ரீ ஏஜஸ்’ படத்தில் சில இடம் கொதித்த பால் போலப் பொங்கி வழியும். அது டிஸ்க் கோளாறு அல்ல. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் அழுகியதைக் காப்பாற்றியவரை காப்பாற்றியிருக்கிறார்கள். குறை சொல்லாமல் பாருங்கள்.

ஒரே படம் இரண்டு விதமாக இருப்பதும் உண்டு. ‘தி பிளாக்ஸ்மித்’ படத்தின் வேறொரு வடிவம் அர்ஜென்டினாவில் கிடைத்தது. 2013இல் செய்தி வந்தது. நாம் பார்த்துப் பழகியதில் இல்லாத காட்சிகள் அதில் இருக்கின்றன. பெட்டி வாங்கும்போது இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஹார்ட் லக்’ முடிவும் ரொம்ப காலம் காணாமல் இருந்து பிறகு கிடைத்ததுதான். நீச்சல்குளத்தில் குதிக்கிறேன் என்று தரையில் ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். வருஷம் கழித்துச் சீனத்து மனைவி, குழந்தைகளோடு அதே ஓட்டை வழியாக மேலே வருவார். அந்த முடிவு இல்லாத பிரதிகள் இன்னும் விற்பனையில் உண்டு.

இந்த வேலையெல்லாம் எதற்கு என்று என் மனைவி கேட்பாள். பர்மாவின் முதல் படம் வெளிவந்ததும் ‘ஒன் வீக்’ வந்ததும் ஒரே வருஷம், 1920. ‘ஒன் வீக்’ என் அலமாரியில் இருக்கிறது. நம்மூர்ப் படம் எங்கேயும் இல்லை. 1934இல் இங்கே எடுத்த ‘மியா கா நைங்’ என்ற மௌனப்படம் பிழைத்தது. அதைப் புதுப்பித்தது பொலோன்யாவில், கீட்டன் படங்கள் போன அதே ஆய்வகத்தில்.

வைப்பு முறை சுருக்கமாக. ரங்கூன் மழையில் டிஸ்க்கைவிட அட்டையும் குறிப்புப் புத்தகமும்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் செங்குத்தாக அடுக்கி, மருந்து பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். துடைத்தால் நடுவிலிருந்து வெளியே நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. லுங்கி முனையால் துடைக்கிற பழக்கத்தை என் வாடிக்கையாளர்கள் கடைசிவரை விடவில்லை. நீங்களாவது விடுங்கள்.

நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டும்போது எழுத்து அட்டையை யாராவது உரக்கப் படிக்க வேண்டும். நான் தமிழில் சொல்வேன், பக்கத்து வீட்டுப் பையன் பர்மிய மொழியில் சொல்வான். அவன் சொல்வதற்குத்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

பிரிட்டிஷ் வெளியீடு ஒன்றையும் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன், யூரேகா போட்ட மூன்று படப் பெட்டி. அது பி மண்டலம் என்று தெரிந்தபோது பணம் போயிருந்தது. கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் இருக்கிறது. கப்பலில் போகும் மச்சான், எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் ஒன்று விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.