சனுவின் மக்கின்: பர்மா ரவைக் கேக் கைகூட

ரங்கூன் டீக்கடைகளில் சமூசாவுக்குப் பக்கத்தில், சாய்சதுரமாக வெட்டி, மேலே கசகசா ஒட்டிய பழுப்புத் துண்டு ஒன்று இருக்கும். அதுதான் சனுவின் மக்கின். ரவை, தேங்காய்ப் பால், பனை வெல்லம், நெய் என்று எல்லாமே நம் அடுக்களைச் சாமான்தான். நம் வீடுகளில் இது சொதப்புவதற்கும் அதுவே காரணம்: கை தானாகக் கேசரிப் பக்குவத்துக்குப் போய்விடுகிறது. கேசரிக்கு ரவையில் வாசம் வந்தால் போதும், கொதிக்கிற தண்ணீரில் தூவிக் கிளறி இறக்கிவிடலாம். மக்கினுக்கு இரண்டுமே ஆகாது. ரவை நன்றாகச் சிவக்க வேண்டும், பிறகு ஆறிய பாலில் ஊற வேண்டும். இவை சரியாக அமைந்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துவிடலாம்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்குக் கணக்கு: பெரிய ரவை 250 கிராம் (பர்மா எடையான டிக்கல் கணக்கில் நிறுக்கும் கடையென்றால் 15 டிக்கல் கேளுங்கள்), கெட்டித் தேங்காய்ப் பால் 500 மில்லி, இரண்டாம் பால் 750 மில்லி, பனை வெல்லம் 250 கிராம், நெய் 100 கிராம், முட்டை 2, உப்பு அரை டீஸ்பூன், உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி, வெள்ளைக் கசகசா 2 மேசைக்கரண்டி. பொடி ரவை வேண்டாம், களியாகிவிடும். உப்பையும் குறைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தேங்காய்ப் பாலின் ருசி எழும்பாது, வெறும் தித்திப்புதான் நிற்கும்.

நெய் விடாமல், வெறும் இரும்புச் சட்டியில், மிதமான தீயில் ரவையை வறுக்கவும். 12 முதல் 15 நிமிஷம் ஆகும். முதல் பாதியில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், அப்புறம் சட்டென்று நிறம் ஏறும். பால் தாராளமாக விட்ட டீயின் நிறம் வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். இவ்வளவு வறுப்பது நிறத்துக்காக மட்டும் இல்லை. குறைவாக வறுத்த ரவையின் மாவுச்சத்து பசையாக இளகிவிடும், நன்றாகச் சிவந்தது குருணை குருணையாக நிற்கும். கரும்புள்ளிகள் தெரிந்தால் அந்த ரவையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவும். அந்தக் கசப்பை எவ்வளவு வெல்லம் போட்டாலும் மறைக்க முடியாது.

ரவை நன்றாக ஆறிய பிறகு இரண்டு பாலையும் உப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடவும். அடியில் படியும், இடையில் இரண்டு தடவை கலக்கிவிட்டால் போதும். எல்லாவற்றையும் வெல்லத்தோடு ஒன்றாகக் கரைத்து ஊறவைப்பவர்களும் உண்டு. தனியாக வைப்பதுதான் நல்லது. இனிப்பு முதலிலேயே சேர்ந்தால் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், ரவையின் நடு ஊறாது, அடுப்பில் வெந்த பிறகும் பல்லில் நறநறவென்று இருக்கும். பர்மாவின் பகான் பக்கத்துப் பனை வெல்லத்தில் தூசி, சிராம்பு கிடக்கலாம். அரை கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துக்கொள்ளுங்கள்.

ஊறிய கலவையை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில், அடியைச் சுரண்டியபடியே கிளறவும். பத்து நிமிஷத்தில் கெட்டிப்படும். அப்போதுதான் வெல்லக் கரைசல். பாயசத்தில் வெல்லம் பட்டுத் தேங்காய்ப் பால் திரிவது எல்லோருக்கும் தெரியும். இங்கே ரவை வெந்து பாலைப் பிடித்திருப்பதால் அந்தப் பயம் குறைவு. வெல்லம் விழுந்ததும் கலவை மறுபடி இளகும், பதறி மாவு எதுவும் சேர்க்காதீர்கள். நெய்யை மூன்று தவணையாக விட்டு, திராட்சையும் போட்டு, இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் கிளறவும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடி தெரிந்து, கோடு உடனே மூடாமல் நின்று, ஓரத்தில் நெய் மினுங்கினால் பதம். பலரும் கை வலித்து இதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே இறக்கிவிடுகிறார்கள். அப்படி இறக்கியது வெட்டும்போது நீர் விட்டு, கரண்டியால் அள்ளித் தின்ன வேண்டியதாகிவிடும்.

இறக்கிப் பத்து நிமிஷம் ஆறவிடவும். முட்டையை அடித்து, அதில் முதலில் ஒரு கரண்டிக் கலவையைக் கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்க்கவும். நேராகச் சூட்டில் ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். விரத நாளென்றால் முட்டையை விட்டுவிட்டு, அடுப்பில் இன்னும் ஐந்து நிமிஷம் கிளறிக்கொள்ளுங்கள். ருசியில் குறைவில்லை, வெட்டு மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

நெய் தடவிய தட்டில் கொட்டி, ஈரக் கரண்டியால் சமப்படுத்தி, கசகசா தூவி லேசாக அழுத்தவும். முன்கூட்டியே 180 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கிய ஓவனில் 40 முதல் 45 நிமிஷம். கசகசா சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளை மேலே மூடவும்.

மின்சாரத்தை நம்பி ஓவனில் வைக்க முடியாத ஊரில் பழைய கரியடுப்பு முறைதான் கைகொடுக்கும். கனமான சட்டியில் கலவையை ஊற்றி, விளிம்பு உயர்ந்த தகரத் தட்டால் மூடி, அதன்மேல் கங்கு பரப்பவும். கீழே ஒரு பங்கு கங்கு, மேலே இரண்டு பங்கு. இதை மாற்றிவிட்டால் வெல்லம் அடியில் கரிந்து, மேல்பக்கம் வெளுத்தே கிடக்கும். 25 நிமிஷம் கழித்து மூடியை நேராகத் தூக்கிப் பாருங்கள், சாய்த்தால் சாம்பல் உள்ளே விழும். ஈரக் கரி புகையும், அந்த நாற்றத்தைத் தேங்காய்ப் பால் அப்படியே இழுத்துக்கொள்ளும்.

நான்கு மணி நேரமாவது ஆறாமல் கத்தி வைக்கக் கூடாது, இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டவும்.

பர்மாவின் பருவத்தைப் பார்த்துச் சில மாற்றங்கள் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர்காலம்தான் இதற்கு ஏற்றது: நெய் இறுகி வெட்டு சுத்தமாக வரும், மூடி வைத்தால் இரண்டு நாள் வெளியிலேயே தாங்கும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. ரவையில் வண்டு இருக்கும், சலித்துவிட்டு வறுக்கவும், ஈரம் போக இரண்டு மூன்று நிமிஷம் கூடப் பிடிக்கும். வெல்லமும் கசிந்திருக்கும், அரை கப்புக்குப் பதில் கால் கப் தண்ணீரில் கரைத்தால் போதும். கோடையில், அதிலும் ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில், பிழிந்த தேங்காய்ப் பால் காத்திருக்காது. ரவையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் ஊறவைக்க வேண்டும். வெந்த கேக்கையும் ஆறியதும் உள்ளே வைத்துவிடுங்கள், நான்கு நாள் இருக்கும். குளிரில் கல்லாக இறுகினால், தோசைக்கல்லில் கசகசாப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சின்னத் தீயில் மூடி, மூன்று நிமிஷம். நெய் தடவ வேண்டாம், உள்ளே இருப்பதே கசிந்து வரும்.